வெண்ணெய் திரண்ட இரவு: ரெசில் கிங்டம் 14

போன வாரம் இரண்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ரெசில் கிங்டம் 14-ஐ முதலிலிருந்து கடைசிவரை மறுபடி பார்த்தேன். 2020 ஜனவரி 4, 5 தேதிகளில் நியூ ஜப்பான் என்ற மல்யுத்தக் கம்பெனி டோக்கியோ டோமில் நடத்திய இரண்டு நாள் காட்சி. அப்போது முதல் நாளை இச்சிகாவாவில் என் அறையில் லேப்டாப்பில் பார்த்தேன். இரண்டாம் நாள் அரங்கிலேயே இருந்தேன். அன்று வீடு திரும்பும்போது இருந்த கோபத்தில் ஒரு வரிகூட எழுதப் பிடிக்கவில்லை. அந்த இரண்டாம் நாளின் நாயகன் டெட்சுயா நைட்டோ 2025-ல் நியூ ஜப்பானை விட்டே போய்விட்டார். அதன்பிறகுதான் அந்தக் கோபம் நியாயமானதுதானா என்று ஒருமுறை சரிபார்க்கத் தோன்றியது. சரிபார்த்துவிட்டேன். முக்கால்வாசி நியாயம்தான்.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய ரசிகர்களிடம் 'இத்தென் யோன்' என்றால் போதும். ஒன்று புள்ளி நான்கு, அதாவது முதல் மாதம் நான்காம் தேதி. 1992-லிருந்து ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் நியூ ஜப்பான் டோக்கியோ டோமில் கூடாரம் அடித்துவிடும். 2007-லிருந்து அதற்கு ரெசில் கிங்டம் என்று பெயர். 2020-ல் நான்காம் தேதி சனிக்கிழமையில் வந்தது. மறுநாள் ஞாயிறு. விடுவார்களா, முதன்முறையாக இரண்டு நாளுக்கு நீட்டிவிட்டார்கள். முதல் நாள் 40,008 பேர், இரண்டாம் நாள் 30,063 பேர் என்று கம்பெனி அறிவித்தது. அந்த முப்பதாயிரத்துச் சொச்சத்தில் நானும் என் அலுவலகத்து சென்பாயும், அதாவது எனக்கு மூத்தவரும், இரண்டு பேர்.

சென்பாய்க்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. அவர் வந்தது ஓய்வுபெறப் போகும் முகமூடி மல்யுத்தக்காரர் லைகருக்காக, நான் போனது நைட்டோவுக்காக. இருவருக்கும் இரண்டாம் நாள்தான் முக்கியம் என்பதால் டிக்கெட் எடுப்பதில் சண்டை வரவில்லை.

இன்னொன்று. 'முடிவை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு ஆடுகிறார்களே, இதில் என்ன இருக்கிறது?' என்று கேட்பவர்கள் உண்டு. பாரதக் கூத்தில் பதினெட்டாம் நாள் துரியோதனன் விழுவான் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எப்படி விழுகிறான் என்பதில்தான் ஆட்டம். நியூ ஜப்பானையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

முதல் நாளுக்கு வருகிறேன். அன்று கம்பெனியின் இணைய ஒளிபரப்பான நியூ ஜப்பான் வேர்ல்டுக்கு மாதச் சந்தா 999 யென். அந்த ஒரு சாயங்காலத்துக்கே காசு செரித்துவிட்டது.

ஜூஷின் தண்டர் லைகரின் ஓய்வுக்கு முந்தைய ஆட்டங்கள் இரண்டு நாளுக்கும் ஒவ்வொன்றாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. முதல் நாளில் நாலுக்கு நாலு. லைகர் பக்கம் தட்சுமி ஃபுஜினாமி, கிரேட் சாசுகே, டைகர் மாஸ்க். எதிரே நவோகி சானோ, ஷின்ஜிரோ ஓட்டானி, தட்சுஹிட்டோ தகைவா, ரியுசுகே டகுச்சி. ஃபுஜினாமிக்கு அப்போது 66 வயது. ஆட்டம் என்பதைவிட பழைய ஆட்கள் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டது என்று சொல்லலாம். டகுச்சி லைகரைச் சாய்த்தார். பத்து நிமிடம்கூட இல்லை, அதற்கு அதுவே போதும்.

அடுத்து வந்த பல பேர் ஆட்டங்களை ஓட்டிவிட்டுப் பார்த்தாலும் நஷ்டமில்லை. ஜோடிகளுக்கான டேக் பெல்ட்டை ஜூஸ் ராபின்சனும் டேவிட் ஃபின்லேயும் ஜெயித்தார்கள். நல்ல பிள்ளைகள், மகிழ்ச்சி. இந்த முறையும் நான் அந்த இடத்தில்தான் டீ போட எழுந்து போனேன்.

ஜான் மாக்ஸ்லியும் லான்ஸ் ஆர்ச்சரும் மோதிய டெக்சாஸ் டெத்மேட்ச் ஓட்டிவிட வேண்டியதல்ல. இதில் மூன்று எண்ணி அழுத்திப் பிடிக்கும் வேலை கிடையாது. விழுந்தவன் பத்து எண்ணுவதற்குள் எழவில்லை என்றால் முடிந்தது. இந்த யுஎஸ் பெல்ட் மாக்ஸ்லியிடம் இருந்ததுதான். 2019 அக்டோபரில் ஹகிபிஸ் புயல் ஜப்பானைப் புரட்டிப் போட்டபோது அவரால் வந்துசேர முடியாமல் போய், ஆட்டத்துக்கு வராததால் பெல்ட்டைப் பறித்துக்கொண்டார்கள். ஆக ஒரு புயல் பறித்ததை ஒரு மேசையை உடைத்து மீட்டார் மனிதர். ஆர்ச்சரை ரிங்கின் ஓரத்திலிருந்து தூக்கிக் கீழே இருந்த மேசைகளின் மேல் தலைகுப்புற இறக்கினார். பத்து எண்ணியாயிற்று, ஆர்ச்சர் எழவில்லை. மாக்ஸ்லி ஆட்டங்களில் கம்பி, நாற்காலி எல்லாம் எனக்கு அலுத்துவிடும். இதில் அலுக்கவில்லை. நேரத்தை நீட்டாமல் முடித்துவிட்டார்கள்.

அப்புறம் ஹிரோமு தகஹாஷி.

இரண்டு நாளையும் சேர்த்து எது சிறந்த ஆட்டம் என்று கேட்டால் நான் வில் ஆஸ்ப்ரேயும் ஹிரோமுவும் மோதிய ஜூனியர் (எடை குறைந்தவர்கள் பிரிவு) பெல்ட் ஆட்டத்தைத்தான் சொல்வேன். 2018 ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோ அருகே டிராகன் லீயோடு மோதும்போது ஹிரோமுவுக்குக் கழுத்து எலும்பு முறிந்தது. ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஆளைக் காணோம். திரும்பி வந்து சில வாரங்களில் நேராக டோக்கியோ டோம். அவர் உள்ளே நடந்து வந்தபோது நான் அறையில் தனியாக எழுந்து நின்றுவிட்டேன், யாருக்கும் சொல்ல வேண்டாம்.

அந்த ஆட்டத்தில் நான் முதல் தடவை கவனிக்காத ஒன்று உண்டு. ஹிரோமு எப்போது தலைகீழாக விழுந்தாலும் அரங்கம் முதலில் ஒரு நொடி அமைதியாகிறது, பிறகுதான் கத்துகிறது. நாற்பதாயிரம் பேரும் அந்தக் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்ப்ரே இரக்கமே காட்டவில்லை. காட்டியிருந்தால் ஆட்டம் கெட்டிருக்கும். 24 நிமிடம் தாண்டி ஹிரோமு ஜெயித்தபோது அது வேகத்தில் கிடைத்த வெற்றியாகத் தெரியவில்லை. கழுத்து தாங்குகிறது என்று ஊருக்கே காட்டிவிட்டுப் பெல்ட்டை எடுத்துக்கொண்டார்.

அன்று கடைசி இரண்டு ஆட்டங்களும் மறுநாளுக்கான அரையிறுதி மாதிரி. இன்டர்கான்டினென்டல் பெல்ட்டுக்கு ஜெய் ஒயிட்டும் நைட்டோவும். கம்பெனியின் உச்ச பெல்ட்டான ஐடபிள்யூஜிபி ஹெவிவெயிட் பெல்ட்டுக்கு கசுச்சிகா ஒகாடாவும் கோட்டா இபுஷியும். ஜெயித்த இருவர் மறுநாள் இரண்டு பெல்ட்டையும் வைத்து மோத வேண்டும். தோற்ற இருவரும் மறுநாள் தங்களுக்குள் மோத வேண்டும்.

ஒயிட் ஆட்டம் 33 நிமிடம் 54 நொடி. எனக்கு அதில் ஒரு பத்து நிமிடம் அதிகம். ஒயிட் வில்லன், அவருக்குத் துணையாக வெளியே நின்று குறுக்குசால் ஓட்டுபவர் கெடோ. ஒயிட் நைட்டோவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. நைட்டோவின் முழங்கால்கள் உண்மையிலேயே வருடக்கணக்கில் தேய்ந்தவை என்பதால் பார்க்க வலித்தது. ஆனால் வலித்த அளவுக்குச் சுவாரசியமாக இல்லை. நைட்டோ தன் முடிப்பு அடியான டெஸ்டினோவைப் போட்டு முடித்தார்.

ஒகாடாவும் இபுஷியும் 39 நிமிடம் 16 நொடி. இதை நீளம் என்று சொல்ல மாட்டேன். முதல் பாதி மெதுவாகத்தான் போகிறது, இரண்டு கனவான்கள் கைகுலுக்குவதுபோல. பிறகு ஒரு கட்டத்தில் இபுஷியின் முகத்திலிருந்து எல்லா உணர்ச்சியும் வடிந்துவிடுகிறது. ஒகாடா அடிக்கிறார், இவர் அசையவில்லை. மறுபடி அடிக்கிறார், அசையவில்லை. கண்ணில் ஆளே இல்லை. சாமி வந்தவர் மாதிரி என்று சொன்னால் தமிழ் வாசகர்களுக்குச் சட்டென்று புரியும். அரங்கமே ஒகாடாவுக்காகப் பயந்தது. இபுஷி கமிகோயே முழங்காலடி போட்டும் ஒகாடா எழுந்ததை இன்றைக்கும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. கடைசியில் ரெயின்மேக்கர். எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்துச் சுண்டி இழுத்துக் கழுத்தில் கையை வீசும் அந்த அடியை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அன்றுபோல் ஒருமுறையும் சத்தம் கேட்டதில்லை.

இங்கே ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். 2019-ல் ஜி1 போட்டித் தொடரை ஜெயித்தவர் இபுஷி. ஒரு மாதம் உடம்பை உடைத்துக்கொண்டு ஜி1 ஜெயிப்பவருக்குக் கிடைக்கும் பரிசே ஜனவரி 4-ன் முதன்மை ஆட்டமான கடைசி ஆட்டம்தான். இரண்டு நாள் திட்டத்தில் அந்தப் பரிசின் மதிப்பு பாதியாகிவிட்டது. உண்மையான இறுதி ஆட்டம் மறுநாள்தான் என்று எல்லோருக்கும் தெரியும். இபுஷி முதல் நாள் ஒகாடாவிடமும் இரண்டாம் நாள் ஒயிட்டிடமும் தோற்று வெறுங்கையோடு போனார். மறுவருடம் டோமில் நைட்டோவிடமிருந்தே இரண்டு பெல்ட்டையும் வாங்கிக்கொண்டார் என்பது வேறு கதை. 2020-ன் கணக்கில் அவருக்கு நாமம்தான்.

ஞாயிற்றுக்கிழமை இச்சிகாவாவில் சோபு லைன் மஞ்சள் வண்டியைப் பிடித்தால் சுய்தோபாஷி வரை மாறவே வேண்டாம். வண்டியில் பாதிப் பேர் நைட்டோவின் கறுப்பு பனியன்தான். சென்பாய் மட்டும் லைகர் படம் போட்ட, கழுத்து நைந்துபோன ஒரு சட்டையை கோட்டுக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எத்தனை வருடச் சட்டை என்று கேட்டேன். சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை.

டோம் அடிப்படையில் பேஸ்பால் மைதானம். ஜயன்ட்ஸ் அணியின் வீடு. கூரையைக் காற்றழுத்தம்தான் தாங்கி நிற்கிறது என்பதால் சுழல் கதவு வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். எங்கள் இருக்கை மேல்தளத்தில். அங்கிருந்து ரிங் தீப்பெட்டி அளவு, ஆட்கள் தீக்குச்சி அளவு. பெரிய திரையைத்தான் பார்த்தாக வேண்டும். அப்படியானால் வீட்டிலேயே பார்த்திருக்கலாமே என்று முதல் அரைமணி தோன்றும். முதுகில் பீர் பீப்பாயைக் கட்டிக்கொண்டு படியேறும் பெண்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கூட்டம் முதல் தடவை கத்தியது, அந்த நினைப்பு போய்விட்டது. சத்தம் கீழேயிருந்து மேலேறி வந்து நெஞ்சில் இடிக்கிறது. அந்தச் சத்தத்தை லேப்டாப் தராது.

முதல் ஆட்டமே லைகரின் கடைசி ஆட்டம். லைகரும் சானோவும் ஒரு பக்கம், ஹிரோமுவும் ரியூ லீயும் மறுபக்கம். ரியூ லீ என்பது பெயர் மாற்றிக்கொண்ட அதே டிராகன் லீதான். ஹிரோமுவின் கழுத்து உடைந்த ஆட்டத்தில் எதிரே நின்றவர், இப்போது அவருக்கே ஜோடி. சானோ யார் என்று எனக்குத் தெரியாது. சென்பாய்தான் சொன்னார்: 1989, 90-களில் லைகரின் ஜன்ம எதிரி, இருவரும் ரத்தமும் கிழிந்த முகமூடியுமாக அடித்துக்கொண்டவர்கள். அந்த எதிரி கடைசி நாளில் கூட நிற்கிறார்.

லைகர் என்ற பெயரிலும் முகமூடியிலும் அவர் முதலில் இறங்கியது 1989 ஏப்ரல் 24. இடம் இதே டோக்கியோ டோம். நியூ ஜப்பான் டோமில் நடத்திய முதல் காட்சியும் அதுதான். முப்பது வருடம் கழித்து 55 வயதில் அதே கூரைக்குக் கீழே முடிக்கிறார். பன்னிரண்டு நிமிடம் ஆடினார்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உள்ளங்கையால் அறைந்தார், எதிராளியைத் தூக்கிப் போட்டார், தன்னையும் தூக்கிப் போட விட்டார். முந்தைய நாள் ஆஸ்ப்ரேயிடம் அத்தனை அடி வாங்கிய ஹிரோமு துளியும் விட்டுக்கொடுக்காமல் லைகரைக் கவிழ்த்துப் போட்டு மூன்று எண்ண வைத்தார். சரியான முடிவு. ஜூனியர் பிரிவின் பெரியவர் ஜூனியர் சாம்பியனிடம் தோற்றுப் போகிறார். ஓய்வு விழா மறுநாள் ஓட்டா அரங்கில் தனியாக நடந்தது, அதனால் டோமில் பேச்சு, பூச்செண்டு என்று எதையும் போட்டுக் கெடுக்கவில்லை.

மூன்று எண்ணி முடிந்ததும் நான் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து சென்பாய் எழுந்துபோய் இரண்டு பீர் வாங்கி வந்தார். 'இனிமேல் உன் முறை' என்றார்.

என் முறை வருவதற்கு இன்னும் சில மணிநேரம் இருந்தது. ரொப்பொங்கி 3கே ஜோடி ஜூனியர் டேக் பெல்ட்டை வாங்கியது. சாக் சேபர் ஜூனியர் சனாடாவை முடிச்சுப் போடுவதுபோல மடக்கி ஜெயித்தார். சின்ன ஆட்டம், அழகான ஆட்டம். மாக்ஸ்லி ஜூஸை ஜெயித்ததும் மினோரு சுசுகி வந்து நின்றார். அந்த ஆளின் இசை கேட்டதும் டோமே எழுந்து கத்தியது, அன்றைய சத்தத்தில் அது இரண்டாவது இடம். ஹிரோகி கோட்டோ கென்டாவிடமிருந்து நெவர் பெல்ட்டைப் பறித்தார். இந்தக் கடைசித் தகவலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: கென்டா அன்று சாயங்காலம் தோற்றவர்.

கிறிஸ் ஜெரிக்கோவும் ஹிரோஷி தனஹாஷியும் மோதியதைச் சிலர் இந்தக் காட்சியின் பலவீனமான இடம் என்பார்கள். எனக்குப் பிடித்திருந்தது. இருவருக்கும் வயது தெரிகிறது, இருவரும் அதை மறைக்கவில்லை. தனஹாஷி ஜெயித்தால் அமெரிக்கக் கம்பெனியான ஏஇடபிள்யூவின் பெல்ட்டுக்கு மோத வாய்ப்பு தருவதாக ஜெரிக்கோ ஆசை காட்டியிருந்தார். ஜெரிக்கோ காலை மடக்கி முதுகை வளைக்க, தனஹாஷி கையைத் தட்டிவிட்டார். பத்து வருடம் கம்பெனியைத் தோளில் சுமந்தவர் கையைத் தட்டிச் சரணடைவதை அரங்கம் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

நைட்டோ கதையை இங்கே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கடைசி ஆட்டம் வெறும் 35 நிமிடச் சண்டையாகத்தான் தெரியும்.

2013-ல் நைட்டோ ஜி1 ஜெயித்தார். முறைப்படி 2014 ஜனவரி 4-ல் ஒகாடாவோடு அவர் மோதுவதுதான் கடைசி ஆட்டமாக இருக்க வேண்டும். ஆனால் கூட்டத்துக்கு அவரைப் பிடிக்கவில்லை. தானே நாயகன் என்று அவர் சிரித்துக்கொண்டு வருவார், இவர்கள் ஊளையிடுவார்கள். கம்பெனி ரசிகர் வாக்கெடுப்பு வைத்தது: எது கடைசி ஆட்டம்? ஷின்சுகே நகமுராவும் தனஹாஷியும் மோதிய இன்டர்கான்டினென்டல் ஆட்டத்துக்கு ஓட்டு குவிந்தது. கம்பெனியின் முதல் பெல்ட்டுக்கான நைட்டோவின் ஆட்டம் ஒருபடி கீழே இறக்கப்பட்டது. அவர் தோற்கவும் செய்தார். டோமில் கடைசி ஆட்டம் ஆடுவது சின்ன வயசிலிருந்தே அவர் கனவு. அதை எதிராளி பறிக்கவில்லை, டிக்கெட் வாங்கியவர்கள் பறித்தார்கள்.

2015-ல் மெக்சிகோ போனார். திரும்பி வந்தவர் வேறு ஆள். கண்ணிமையை விரலால் விரித்துக் காட்டி முறைப்பது, ரிங்கில் சாவகாசமாகப் படுத்துக்கொள்வது, 'த்ரான்கீலோ' என்று எல்லோரையும் அடங்கச் சொல்வது. உங்களுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி எனக்கு அக்கறையில்லை என்ற தோரணை. அப்புறம்தான் எல்லோருக்கும் பிடிக்க ஆரம்பித்தது. இன்டர்கான்டினென்டல் பெல்ட்டை ஜெயித்தபோது அதை வானத்தில் எறிந்தார், இரும்புப் படியில் அடித்தார், தரையில் உதைத்தார். அவருடைய கடைசி ஆட்டத்தைத் தின்ற பெல்ட் அல்லவா அது. 2018 ஜனவரி 4-ல் ஒருவழியாக டோமின் கடைசி ஆட்டம் கிடைத்தது, மறுபடி ஒகாடா. மூலைக் கம்பத்தின் உச்சியிலிருந்து காற்றில் முறுக்கிப் புரண்டு விழும் ஸ்டார்டஸ்ட் பிரெஸ் போடப் போய்த் தவறி விழுந்தார். தோற்றார்.

பிறகு 2019-ல் இரண்டு பெல்ட்டையும் ஒரே நேரத்தில் வைத்திருக்க வேண்டும் என்று பேச ஆரம்பித்தார். இரண்டையும் ஒரே ஆட்டத்தில் வைக்கலாமா என்று கம்பெனி கேட்டது. யாரிடம்? மறுபடி ரசிகர்களிடம். மறுபடி வாக்கெடுப்பு. இந்த முறை ஓட்டு 'ஆம்' என்றது. ஒரு வாக்கெடுப்பு எடுத்ததை இன்னொரு வாக்கெடுப்பு கொடுத்தது. இதை யாராவது ஆறு வருடத்துக்கு முன்பே திட்டமிட்டு எழுதினார்களா, தானாக அமைந்ததா, எனக்குத் தெரியாது. தானாக அமைந்தது என்றுதான் நம்ப ஆசை.

ஒகாடா நடந்து வந்தபோது கூரையிலிருந்து அவர் படம் போட்ட போலி நோட்டுகள் பறந்தன. நைட்டோ எப்போதும்போல அவசரமே இல்லாமல் வந்தார். அவர் ரிங்குக்குள் நுழைவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

35 நிமிடம் 37 நொடி. ஒகாடா அந்த ஆட்டத்தில் செய்ததை மறுபார்வையில்தான் புரிந்துகொண்டேன். அவர் அன்று சாம்பியன். ஆனால் அரங்கம் முழுக்க நைட்டோ பக்கம் என்று தெரிந்ததும் மெல்ல மெல்ல முகத்தில் ஒரு ஆணவத்தை வரவழைத்துக்கொள்கிறார். முந்தைய இரவு அடிபட்ட நைட்டோவின் முழங்காலை நோண்டுகிறார். இன்னொருவனின் பெரிய நாளில் தான் வில்லனாக இருக்க ஒப்புக்கொள்வது எல்லா நட்சத்திரங்களும் செய்கிற காரியம் கிடையாது. நைட்டோவைத் தூக்கி நிறுத்தியதில் பாதி ஒகாடாவின் கை.

நைட்டோ மூலைக் கம்பத்தில் ஏறி நின்றார். ஸ்டார்டஸ்ட் பிரெஸ். 2018-ல் தவறியது. என் பின்னால் ஒரு ஆள் 'வேண்டாம், வேண்டாம்' என்று ஜப்பானியத்தில் கத்தினார். நானும் தமிழில் அதையே கத்தினேன் என்று சென்பாய் பிறகு சொன்னார். இந்த முறை சரியாக விழுந்தது. அன்றைய சத்தத்தில் அது முதல் இடம். ஆட்டம் அதோடு முடியவில்லை, முடிந்தது டெஸ்டினோவில். டெஸ்டினோ என்றால் ஸ்பானிஷில் விதி. ஒன்று, இரண்டு, மூன்று.

நான் அழவில்லை. தொண்டைதான் போய்விட்டது.

மைக்கை வாங்கிய நைட்டோ, டோமின் கடைசி ஆட்டத்தில் ஜெயிப்பது இத்தனை சுகமாகவும் இத்தனை கஷ்டமாகவும் இருக்கும் என்று இன்றுதான் தெரிகிறது என்கிற பொருளில் பேசினார். வெளியேறிக்கொண்டிருந்த ஒகாடாவைப் பார்த்து, இன்னொரு நாள் இதே இடத்தில் கடைசி ஆட்டத்தில் மறுபடி மோதுவோம் என்றார். ஒகாடா திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடியே கையை மட்டும் உயர்த்தினார். இரண்டு நாளிலும் எனக்குப் பிடித்த நொடி அதுதான்.

அதற்கு அடுத்து வர வேண்டியது வழக்கமான முடிப்பு. நைட்டோ ஜெயித்தால் தன் லாஸ் இங்கோபர்னபிள்ஸ் கூட்டாளிகளின் பெயரை ஒவ்வொன்றாக அழைப்பார், கடைசியில் மொத்த அரங்கமும் சேர்ந்து 'ஹா-போன்' என்று முடிக்கும். ஜப்பான் என்பதை ஸ்பானிஷ் வாயில் சொன்னால் அப்படி. எவில், சனாடா, புஷி, ஷிங்கோ, ஹிரோமு. முப்பதாயிரம் பேரும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஆறு வருடமாக இதற்குத்தான் காத்திருக்கிறோம்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. கென்டா ஓடி வந்து பின்னாலிருந்து தாக்கினார். நைட்டோ கீழே. அவர் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு இரண்டு பெல்ட்டையும் தூக்கிக் காட்டினார் கென்டா. சாயங்காலம்தான் தன் பெல்ட்டைத் தோற்றவர். 'காஏரெ, காஏரெ', வீட்டுக்குப் போ என்று கூட்டம் கத்தியது. அப்படியே முடிந்துவிட்டது. விளக்கு எரிந்தது. ஹா-போன் இல்லை.

சென்பாய் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பீர் வாங்கவும் நேரம் கடந்துவிட்டது.

இப்போது ஆற அமர யோசித்தால் கம்பெனியின் கணக்கு புரிகிறது. அடுத்த பெரிய காட்சி பிப்ரவரி 9, ஒசாகா-ஜோ ஹால். நைட்டோவுக்கு ஒரு எதிரி வேண்டும், கோபத்தில் டிக்கெட் விற்க வேண்டும். விற்றது. ஒசாகாவில் நைட்டோ கென்டாவை ஜெயித்து எல்லாப் பெயரையும் அழைத்து முடித்தார். கென்டாவும் தன் வேலையைச் சுத்தமாகச் செய்தார், அவர்மேல் குறையில்லை. அந்த அளவுக்கு என் கோபத்தில் கால்வாசி அநியாயம்.

மிச்சம் முக்கால்வாசியை மட்டும் விட மாட்டேன். ஏனென்றால் அந்தப் பிப்ரவரி கடைசியில் தொற்றுநோய் வந்து காட்சிகள் நின்றன. ஜூன் மத்தியில் ஆளில்லா அரங்கில் தொடங்கினார்கள். ஜூலையில் எவில் நைட்டோவின் முதுகில் குத்திக் கட்சி மாறி, இரண்டு பெல்ட்டையும் அவரிடமிருந்தே பறித்தார். 2021 ஜனவரி 4-ல் டோமில் 12,689 பேர், மறுநாள் 7,801 பேர். முகக்கவசத்தோடு கைதட்டலாம், கத்தக்கூடாது. தொற்றுக்கு முன் டோம் நிறையக் கத்திய கடைசி ராத்திரி எங்களுடையதாக இருந்தது, அதைக் கத்தி முடிக்க விடவில்லை. ஒசாகாவுக்கு டிக்கெட் விற்க வேறு நூறு வழி இருந்திருக்கும்.

2024 ஜனவரி 4-ல் நைட்டோ மறுபடி டோமின் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தார். தோற்றவர் சனாடா, அதற்குள் அவரும் கட்சி மாறியிருந்தார். முடிப்பைக் கெடுக்க ஓடி வந்தவர் எவில். 2020-ல் அழைக்கப்பட வேண்டிய பெயர்களில் இரண்டு, நான்கு வருடத்தில் எதிரே நின்றன. எவிலைச் சனாடா விரட்டிவிட, நைட்டோ பெயர்களை அழைத்தார், 27,422 பேர் 'ஹா-போன்' என்றார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

சரி, பார்க்க விரும்புபவர்களுக்கு என் யோசனை. இரண்டு நாளையும் முழுதாகப் பார்க்க மொத்தம் ஒரு பகல் வேண்டும், அது தேவையில்லை. ஹிரோமு, ஆஸ்ப்ரே ஆட்டத்தில் தொடங்கி, ஒயிட்டின் ஆட்டத்தில் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டு, ஒகாடா, இபுஷியைச் சாப்பிட்டுவிட்டு வந்து தெம்பாகப் பாருங்கள். மறுநாளில் லைகரையும் கடைசி ஆட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். நேரம் இருந்தால் தனஹாஷி. இரண்டு நாள் என்பது நல்ல யோசனையா என்றால், இந்த ஒரு வருடத்துக்கு மட்டும் ஆமாம்.

அன்று வெளியே வரும்போது டோம் எங்களைத் தள்ளி அனுப்பியது. பெரிய கதவுகளைத் திறந்துவிட்டால் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோலத் தள்ளும், நடக்கவே வேண்டாம். சென்பாயின் தொப்பி பறந்துபோய் யார் காலிலோ விழுந்தது. எடுத்துக்கொடுத்தவரும் லைகர் சட்டைதான் போட்டிருந்தார். இருவரும் ஒரு நிமிடம் ஒருவருக்கொருவர் குனிந்து வணக்கம் வைத்துக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் திங்கள், எங்கள் அலுவலகத்துக்கு வருடத்தின் முதல் வேலைநாள்.

போன வாரம் பார்த்தபோது ஒகாடா கையை உயர்த்திய இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டேன். நீங்களும் அங்கேயே நிறுத்திவிடலாம்.